வீட்டு லேண்ட்லைன் எண்ணில் ஸ்மார்ட்போனிலிருந்தே பேச: எதையும் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். ஹாலில் லேண்ட்லைன் அடிக்கும், அவர் கட்டிலிலிருந்து எழுந்து வாக்கரைப் பிடித்து நான்கு அடி வைப்பதற்குள் நின்றுவிடும். அவரைத் தேடுகிறவர்கள் எல்லோரிடமும் இருப்பது அந்தப் பழைய எண்தான். அவர் பக்கத்திலேயே ஒரு ஸ்மார்ட்போன் கிடக்கிறது. லேண்ட்லைனுக்கு வரும் அழைப்பு அதிலும் அடிக்க வேண்டும், அதிலிருந்து அவர் யாரையாவது கூப்பிட்டால் எதிர்முனையில் வீட்டு எண் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. முடியுமா என்றால் முடியும். ஆனால் எனக்கு இருபத்துமூன்று நாள் ஆனது, தவறான பெட்டி ஒன்றை வாங்கித் திருப்பி அனுப்பினேன், கஸ்டமர் கேரில் எத்தனை முறை காத்திருந்தேன் என்று கணக்கே இல்லை. வரிசை தெரிந்திருந்தால் பாதி நாள் வேலை, அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கால் ஃபார்வர்டிங் இல்லை. ஃபார்வர்டிங்கில் உள்ளே வரும் அழைப்பு மட்டும் மொபைல் எண்ணுக்குத் திரும்பும், பல இடங்களில் அந்தத் திருப்பிவிட்ட பகுதிக்கான கட்டணம் உங்கள் லேண்ட்லைன் பில்லில்தான் ஏறும், நீங்கள் திரும்பக் கூப்பிட்டால் மொபைல் எண்தான் தெரியும். உங்களுக்கு அது போதும் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு ஃபார்வர்டிங் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1. உங்கள் லைன் எந்த வகை என்று பாருங்கள்

நான் செய்த தவறு இங்கேதான் தொடங்கியது, அதனால் இதில் அவசரப்படாதீர்கள். லேண்ட்லைன் போனின் ரிசீவரைக் காதில் வைத்து டயல் டோன் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கும்போதே, இன்னொருவரை விட்டு வீட்டு ரவுட்டரின் பவரை அணைக்கச் சொல்லுங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி என்ற சின்னப் பெட்டியையும் அணைக்க வேண்டும். டோன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் உங்களுடையது பழைய செப்புக் கம்பி லைன். எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியாகவே சுமார் 48 வோல்ட் வருகிறது, அதனால்தான் வீட்டில் கரண்ட் போனாலும் அந்தப் போன் வேலை செய்யும். டோன் சட்டென்று செத்துவிட்டால் உங்கள் லேண்ட்லைன் ஏற்கெனவே இணையம் வழியாகத்தான் வருகிறது. பார்க்கப் பழைய போன் மாதிரியே இருந்தாலும் உள்ளே அது எஸ்ஐபி என்கிற நெறிமுறையில் ஓடும் இணையத் தொலைபேசி.

டோன் செத்தால் வேலை சுலபம், 3-க்கும் 4-க்கும் போங்கள், பெரும்பாலும் எதுவும் வாங்க வேண்டியிருக்காது. டோன் ஓடினால் 5-க்குப் போங்கள், அங்கே ஒரு பெட்டி வாங்கியாக வேண்டும். ஆனால் வாங்குவதற்கு முன்பு நிறுவனத்தைக் கூப்பிட்டு, இந்தச் செப்பு லைனை ஃபைபருக்கு மாற்றும் திட்டம் இருக்கிறதா, இருந்தால் எப்போது என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் மாற்றப்போகிறார்கள் என்றால் அதற்கு மட்டும் பயன்படும் ஒரு பெட்டிக்குக் காசு போடாதீர்கள், காத்திருங்கள்.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

கஸ்டமர் கேரைக் கூப்பிடும்போது இவை கையில் இல்லாவிட்டால் அந்த அழைப்பு வீண். கடைசி பில் வேண்டும், அதில் உள்ள வாடிக்கையாளர் எண்தான் முக்கியம், தொலைபேசி எண்ணை மட்டும் சொன்னால் பல இடங்களில் எதுவும் பேச மாட்டார்கள். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாள அட்டை வேண்டும். பில்லில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். எங்கள் பில்லில் அப்பாவின் இனிஷியல் ஒன்று விடுபட்டிருந்தது, அடையாள அட்டையில் இருந்தது, அந்த ஒரு எழுத்துக்காக எட்டு நாள் போனது.

லைன் உங்கள் பெயரில் இல்லையென்றால், பெயருக்குரியவர் பக்கத்தில் இருக்கும்போதே பேசுங்கள், முதல் இரண்டு நிமிடம் அவரே பேசிச் சம்மதம் சொல்லட்டும். முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஒன்று எழுதி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். லைனுக்குரியவர் காலமாகி, பெயர் இன்னும் மாறாமல் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள், அது இல்லாமல் இணைப்பின் பாஸ்வேர்டை யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

அப்புறம் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து வையுங்கள். மாடல் பெயர், உள்நுழையும் முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கும். இணைப்பு கொடுத்த நாளில் வந்த வரவேற்புக் கடிதத்தையும் தேடுங்கள், சில நிறுவனங்கள் எஸ்ஐபி விவரங்களை அந்தக் கடிதத்திலேயே அச்சிட்டிருக்கும்.

3. நிறுவனத்திடம் கேட்க வேண்டியது

இணையம் வழி வரும் லைன் என்றால் முதல் கேள்வி, இந்த லேண்ட்லைன் எண்ணை ஸ்மார்ட்போனில் பயன்படுத்த உங்களிடமே ஆப் இருக்கிறதா என்பதுதான். பல நிறுவனங்களிடம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. இருந்தால் அதை நிறுவி, லேண்ட்லைன் எண்ணைக் கொடுத்து, வரும் சரிபார்ப்புக் குறியீட்டைப் போட்டால் வேலை முடிந்தது. அந்தக் குறியீடு எந்த மொபைல் எண்ணுக்குப் போகும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கில் பதிந்துள்ள எண்ணுக்குத்தான் போகும், அது பழைய எண்ணாக இருந்தால் அதை மாற்றுவது தனி வேலை.

ஆப் இல்லையென்றால் எஸ்ஐபி விவரங்களைக் கேளுங்கள். "இன்டர்நெட் போன் பாஸ்வேர்டு" என்று பொதுவாகக் கேட்டால் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்வார்கள். எஸ்ஐபி பயனர் பெயர், எஸ்ஐபி பாஸ்வேர்டு, ரெஜிஸ்ட்ரார் முகவரி (கருவி பதிவு செய்துகொள்ளும் சர்வர்), ப்ராக்ஸி முகவரி (அழைப்பு கடந்து போகும் சர்வர்) என்று நான்கையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் ஆளுக்குப் புரியாவிட்டால் வாதிட வேண்டாம், தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள், புகார் எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடவே இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள். ஒன்று, ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் பதிவு செய்யலாம், அதாவது இந்த எண்ணில் பேச எத்தனை கருவிகள் சர்வரில் உள்நுழைந்திருக்கலாம்? சில நிறுவனங்களில் ஒன்றுதான். அப்போது உங்கள் ஸ்மார்ட்போன் பதிவானதும் ரவுட்டரின் பதிவு விழுந்துவிடும், ஹாலில் இருக்கும் போன் சத்தமே இல்லாமல் ஊமையாகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு, வீட்டு இணைப்புக்கு வெளியிலிருந்து பதிவு செய்ய விடுவார்களா? சில இடங்களில் வீட்டு இணைப்பிலிருந்து வந்தால்தான் சர்வர் பதில் சொல்லும். இது தெரியாமல் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டு தவறோ என்று மணிக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு.

4. ரவுட்டரிலேயே வசதி இருந்தால்

தொலைபேசி வசதியுள்ள ரவுட்டர்களில் சில ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் போலவே வேலை செய்யும். நிறுவனத்திடம் ரவுட்டர் ஒருமுறை பதிவு செய்துகொள்ளும், உங்கள் ஸ்மார்ட்போன்கள் ரவுட்டரிடம் பதிவு செய்துகொள்ளும். நிறுவனத்தின் கண்ணுக்கு ஒரே ஒரு கருவிதான் தெரியும் என்பதால் மேலே சொன்ன ஒற்றைப் பதிவுச் சிக்கல் வராது. இருப்பதிலேயே இதுதான் நல்ல வழி.

இதில் பலருக்கும் பழக்கமானது ஃப்ரிட்ஸ்பாக்ஸ் (FRITZ!Box) என்ற ரவுட்டர். அதன் அமைப்புப் பக்கத்தில் தொலைபேசி, தொலைபேசிக் கருவிகள், புதிய கருவி என்று போய் ஐபி போன் வகையைத் தேர்ந்தெடுத்து ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், 620 போல ஓர் உள் எண் கிடைக்கும். போனில் ஃப்ரிட்ஸ்ஆப் ஃபோன் என்ற அந்த ரவுட்டர் நிறுவனத்தின் இலவச ஆப்பைப் போடலாம். வேறு எந்த எஸ்ஐபி ஆப்பும் சரிதான், ரெஜிஸ்ட்ரார் இடத்தில் ரவுட்டரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். உங்கள் ரவுட்டர் வேறு என்றால் அமைப்புப் பக்கத்தில் தொலைபேசி என்ற தலைப்பின் கீழ் உள் எண்கள் சேர்க்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். போன் செருகும் துளை இருப்பதால் மட்டும் இந்த வசதி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நிறுவனம் கொடுக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் அந்தப் பக்கத்தைப் பூட்டியே வைத்திருப்பார்கள்.

5. செப்புக் கம்பி லைன் என்றால்

இங்கே நிதானமாகப் படியுங்கள், காசு போகும் இடம் இது. கம்பியில் வரும் குரலை இணையக் குரலாக மாற்றித் தர ஒரு கேட்வே பெட்டி வேண்டும். கடைகளில் "லேண்ட்லைன் அடாப்டர்" என்று தேடினால் வருபவற்றில் பெரும்பாலானவை உங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிரானவை. அவை பழைய போனை இணையத்தில் சேர்ப்பவை, உங்களுக்கு வேண்டியதோ பழைய லைனை இணையத்தில் சேர்ப்பது.

வித்தியாசம் துளையின் பெயரில் இருக்கிறது. எஃப்எக்ஸ்எஸ் என்ற துளை டயல் டோனைக் கொடுக்கும், அதில் போனைச் செருக வேண்டும், பெட்டியில் அதற்கு மேல் "ஃபோன்" என்று எழுதியிருக்கும். எஃப்எக்ஸ்ஓ என்ற துளை டயல் டோனை வாங்கும், அதில்தான் சுவரிலிருந்து வரும் லைனைச் செருக வேண்டும், "லைன்" என்று எழுதியிருக்கும். உங்களுக்கு எஃப்எக்ஸ்ஓ கட்டாயம் வேண்டும். உதாரணமாக கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் எச்டி (HT) 801, எச்டி 802 இரண்டிலும் ஃபோன் துளை மட்டும்தான் உண்டு, எச்டி 813-இல் ஃபோன் ஒன்று, லைன் ஒன்று. மூன்றும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். நான் முதலில் வாங்கியது ஃபோன் துளை மட்டும் உள்ள பெட்டிதான். துளையின் அளவு ஒன்றே என்பதால் சுவர் லைன் அதில் அழகாகப் பொருந்திவிடும், ஆனால் செருகவே செருகாதீர்கள். மணி அடிக்கும்போது கம்பியில் 90 வோல்ட் அளவுக்கு வரும், பெட்டி எரிந்துபோகலாம்.

ப்ளூடூத் உள்ள கார்ட்லெஸ் போன்கள் இன்னொரு பொறி. "உங்கள் மொபைலோடு இணையும்" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். பெரும்பாலும் அவை மொபைலுக்கு வரும் அழைப்பை வீட்டு கார்ட்லெஸ்ஸில் எடுக்கத்தான் உதவும். நமக்கு வேண்டியது அதன் மறுபக்கம்.

கேட்வே மட்டும் இருந்தால் போதாது என்பது எனக்கு இரண்டாவது பெட்டி வந்த பிறகுதான் தெரிந்தது. இந்தச் சின்னப் பெட்டிகள் எஸ்ஐபி சர்வர் இல்லை, உங்கள் ஆப் நேரடியாக அதில் பதிவு செய்துகொள்ள முடியாது. நடுவில் ஒரு சர்வர் வேண்டும், கேட்வேயும் ஆப்பும் இரண்டும் அதில் பதிவாகும். அதற்கு மூன்று வழி. ஐபி போன்களை உள் எண்களாகச் சேர்க்கும் ரவுட்டர் இருந்தால், கேட்வேயை அதில் சேர்க்க முடிகிறதா என்று அதன் கையேட்டில் பாருங்கள். எஃப்எக்ஸ்ஓ துளையோடு வரும் சின்ன ஐபி பிபிஎக்ஸ் (வீட்டுக்குள் உள் எண்களை நடத்தும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) ஒன்றை வாங்கினால் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கும், விலை கூடுதல், தலைவலி குறைவு. மூன்றாவது, ராஸ்ப்பெர்ரி பை போன்ற ஒரு சின்னக் கணினியில் ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளைப் போடுவது. கணினியில் கட்டளைகள் தட்டிப் பழகியவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். அதைச் செய்தால் பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்யாதீர்கள்: 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பிலிருந்து பழைய எஸ்ஐபி பகுதியையே எடுத்துவிட்டார்கள், இப்போது இருப்பது பிஜேஎஸ்ஐபி. பழைய குறிப்பில் உள்ள கோப்புகளை எழுதி வைத்தால் எதுவும் நடக்காது.

பிராட்பேண்டும் அதே செப்புக் கம்பியில் வந்தால், கேட்வேக்கு முன்னால், பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் டிஎஸ்எல் ஃபில்டர் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பேச்சில் இரைச்சல் வரும், போன் எடுக்கும்போதெல்லாம் இணையமும் அறுந்துபோகும்.

பெட்டியின் ஐபி முகவரியைத் தெரிந்துகொள்ள, எச்டி 813-இன் ஃபோன் துளையில் ஒரு சாதாரணப் போனைச் செருகி நட்சத்திரக் குறியை மூன்று முறை அழுத்தி, அப்புறம் 02 அழுத்தினால் அதுவே வாய்விட்டுச் சொல்லும். அந்த முகவரியை ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி எல்லாம் நின்றுவிடும்.

உள்ளே போய் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, லைன் துண்டிக்கப்பட்டதைப் பெட்டி எப்படி உணரும் என்பது. எதிராளி போனை வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் ஏதாவது ஒரு அடையாளம் காட்டும்: மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்தும், அல்லது துருவத்தை மாற்றும், அல்லது பிசி டோன் மட்டும் கொடுக்கும். இதில் எது என்பது நாட்டுக்கு நாடு, எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் மாறும். தவறாக வைத்தால் பேசி முடித்த பிறகும் பெட்டி லைனைப் பிடித்துக்கொண்டே இருக்கும், ஊரில் யார் கூப்பிட்டாலும் பிசி. எங்கள் வீட்டில் ஒரு முழு இரவு அப்படித்தான் இருந்தது, மறுநாள் காலையில் அத்தை மொபைலில் கூப்பிட்டு, ராத்திரியெல்லாம் யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. டோன் முறை என்றால் உங்கள் நாட்டின் பிசி டோன் அதிர்வெண்ணையும் விட்டு விட்டு ஒலிக்கும் இடைவெளியையும் சரியாகப் போட வேண்டும். அமைத்ததும் சோதித்துப் பாருங்கள்: மொபைலிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டு, ஆப்பில் எடுத்து, மொபைலில் வைத்துவிட்டு, பெட்டியில் லைன் விளக்கு எத்தனை நொடியில் அணைகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, எத்தனை முறை மணி அடித்த பிறகு பெட்டி அழைப்பை எடுக்க வேண்டும் என்பது. கூப்பிடுபவரின் எண் பல நாடுகளில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில்தான் கம்பியில் வரும். அதற்கு முன்பே எடுத்தால் எண் தெரியாது, நாலைந்து முறை அடிக்கும்வரை காத்திருந்தால் அதற்குள் கூப்பிடுபவர் வைத்துவிடுவார். இரண்டு என்று வையுங்கள்.

இன்னொன்று, லேண்ட்லைனை இணையத் தொலைபேசியோடு சேர்ப்பதற்குச் சில நாடுகளில் சட்டக் கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்குள் பேசுவது ஒன்று, வெளியிலிருந்து இணையம் வழியாக அந்த லைனை எடுப்பது வேறு. உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு விதியையும் இணைப்பு ஒப்பந்தத்தையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

6. ஆப்பை அமைப்பது

போனின் அமைப்புகளுக்குள் போய் எஸ்ஐபி கணக்கைச் சேருங்கள் என்று இன்றும் பலர் சொல்வார்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து அந்த வசதியே கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். லின்ஃபோன் இலவசம், திறந்த மூல மென்பொருள். ஸோய்பர் ஆப்பின் அடிப்படை வசதிகள் இலவசம். இரண்டுமே ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு.

பயனர் பெயர், பாஸ்வேர்டு, டொமைன் (பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரார் முகவரிதான்) என்று மூன்றைப் போட்டால் "பதிவானது" என்று பச்சையாகக் காட்டும். காட்டாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் போன் எந்த வைஃபையில் இருக்கிறது என்பதுதான். விருந்தினர் வைஃபையில் இருந்தால் இணையம் நன்றாக ஓடும், ஆனால் வீட்டுக்குள் இருக்கும் மற்றக் கருவிகள் கண்ணுக்கே தெரியாது, அந்த வைஃபை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கும்.

கோடெக் (குரலை இணையத் தரவாக மாற்றும் முறை) என்று ஒரு பட்டியல் வரும். ஜி.711 எல்லாவற்றோடும் ஒத்துப்போகும், அதை வைத்துவிடுங்கள். தலைப்புத் தரவும் சேர்த்து ஒரு திசைக்கு நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் பிடிக்கும், ஒரு மணி நேரம் பேசினால் இரு திசையும் சேர்த்து 80 எம்பி அளவுக்கு ஆகும். வீட்டு வைஃபையில் இது ஒன்றுமே இல்லை. டிடிஎம்எஃப் என்ற இடத்தில் ஆர்எஃப்சி 2833 என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் "ஒன்றை அழுத்தவும்" என்று கேட்கும் இடங்களில் நீங்கள் அழுத்துவது போய்ச் சேராது.

7. உள்ளே வரும் அழைப்பு அடிக்கவில்லையா

வெளியே கூப்பிடுவது முதல் நாளே வேலை செய்துவிடும், அதை வைத்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். போனைப் பூட்டி மேசையில் வைத்து அரை மணி நேரம் கழித்து, வேறு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். பத்தில் எட்டு பேருக்கு அடிக்காது என்றே சொல்வேன்.

ஆண்ட்ராய்டில் காரணம் பேட்டரி சேமிப்பு. திரை அணைந்து சிறிது நேரத்தில் பின்னணி ஆப்களைத் தூங்க வைத்துவிடும். ஆப்பின் தகவல் பக்கத்தில் பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லாமல் ஓட அனுமதி கொடுங்கள். சில போன்களில் தானாகத் தொடங்குவதற்கு என்று தனியாக இன்னோர் அனுமதி வேறு இருக்கும், அதையும் கொடுங்கள். மைக், அறிவிப்பு அனுமதிகளும் வேண்டும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து அறிவிப்புக்குத் தனியாகக் கேட்கும், அப்போது மறுத்துவிட்டால் அழைப்பு வந்தாலும் சத்தம் வராது.

ஐபோனில் கதை வேறு. மூடிய ஆப் பின்னணியில் சர்வரோடு தொடர்பைப் பிடித்துக்கொண்டே இருக்க அது விடாது, ஆப்பிளின் புஷ் அறிவிப்பு வழியாகத்தான் எழுப்ப வேண்டும். உங்கள் வீட்டுச் சின்னச் சர்வருக்கு அந்தப் புஷ் அனுப்பத் தெரியாது. அதனால் ஐபோன் என்றால் புஷ் வசதியை ஆப் நிறுவனமே நடத்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் அது காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் இருக்கும். அந்த வகையில் உங்கள் எஸ்ஐபி பாஸ்வேர்டு அவர்களுடைய சர்வரில் இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள். அப்பாவுக்கு நான் கடைசியில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன், சிம் இல்லை, கட்டில் பக்கத்தில் சார்ஜரிலேயே இருக்கிறது, அதுவே நிம்மதியாக இருக்கிறது.

நிறுவனத்தின் சர்வரிலேயே நேரடியாகப் பதிவு செய்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. யுடிபி என்ற தரவு அனுப்பும் முறையில் போகும்போது ரவுட்டர் அந்தப் பாதையை அரை நிமிடத்திலேயே மறந்துவிடக்கூடும். பாதை மறக்காமல் இருக்க அவ்வப்போது ஒரு சின்னச் செய்தி அனுப்பும் கீப் அலைவ் என்ற அமைப்பை 20 அல்லது 25 நொடி என்று வையுங்கள், இல்லையென்றால் டிசிபி அல்லது டிஎல்எஸ் வழிக்கு மாறுங்கள், பேட்டரிக்கும் அதுதான் நல்லது.

8. ஒருவர் குரல் மட்டும் கேட்டால்

நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை, அல்லது சரியாக அரை நிமிடத்தில் அழைப்பு அறுகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் ரவுட்டரில் இருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்புதான் காரணம். உதவுவதாக நினைத்து எஸ்ஐபி செய்திகளுக்குள் முகவரியை மாற்றி எழுதிக் கெடுத்துவிடும். அதை அணைத்து ரவுட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், உங்கள் இணைப்பின் வெளி முகவரியை ஆப்புக்குச் சொல்லும் ஸ்டன் சர்வரை ஆப்பில் இயக்கிப் பாருங்கள். சொன்னதே திரும்ப எதிரொலித்தால் அது வேறு விஷயம், கேட்வேயில் லைன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) என்ற அமைப்பு உங்கள் நாட்டுக்கு ஏற்றபடி இல்லை என்று பொருள்.

9. வீட்டுக்கு வெளியிலிருந்து பேச

எஸ்ஐபி வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் 5060-ஐ ரவுட்டரில் திறந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இணையத்தில் அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம். பாஸ்வேர்டு உடைந்தால் உங்கள் லைனிலிருந்து விலை உயர்ந்த வெளிநாட்டு எண்களுக்கு ராத்திரி முழுக்கக் கூப்பிடுவார்கள், பில் உங்கள் பெயருக்குத்தான் வரும். வீட்டு ரவுட்டரில் வயர்கார்டு போன்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இருந்தால் அதைப் போட்டு, போனில் முதலில் விபிஎன், அப்புறம் எஸ்ஐபி ஆப் என்று போங்கள். எப்படிப் போனாலும் வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் நிறுவனத்திடமே சொல்லி அதை முடக்கிவிடுங்கள், பெரும்பாலும் ஒரு போனில் முடிகிற வேலை.

10. அவசர எண்ணும் கரண்டும்

காவல், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எதுவானாலும் இந்த ஆப்பிலிருந்து கூப்பிடாதீர்கள். சிம் உள்ள போனின் சாதாரண டயலரில் கூப்பிடுங்கள், சிம் வழியாகப் போகட்டும். லேண்ட்லைன் எண்ணோடு பதிந்திருப்பது வீட்டு முகவரி. நீங்கள் வேறு ஊரில் இருந்துகொண்டு ஆப்பில் கூப்பிட்டால் அவசரச் சேவையினர் உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பக்கூடும். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ரவுட்டரும் கேட்வேயும் கரண்ட் இல்லாமல் இயங்காது. செப்பு லைன் வைத்திருப்பவர்கள் ஒரு சாதாரணப் போனையும் லைனிலேயே விட்டுவையுங்கள், தனி மின்சாரம் கேட்காத கயிறு வைத்த போன். எச்டி 813-இல் கரண்ட் போனதும் ஃபோன் துளையும் லைன் துளையும் தாமாகவே நேரடியாக இணைந்துகொள்ளும், உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அந்தத் துளையில் போன் இருந்தால் தொடர்ந்து பேசலாம். வாங்கிய அன்றே பவரைப் பிடுங்கி இதைச் சோதித்துவிடுங்கள். இணையம் வழி லைன் என்றால் ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும்.

11. செலவும் நாளும்

நிறுவனத்தின் ஆப் அல்லது வசதியுள்ள ரவுட்டர் என்றால் செலவு பெரும்பாலும் இல்லை, ஒரு மாலை போதும். நிறுவனத்திடம் எஸ்ஐபி விவரம் வாங்குவதுதான் நாள் தின்னும். எனக்குத் தெரிந்து ஒரே நாளில் வாங்கியவர்களும் உண்டு, இரண்டு வாரம் ஆனவர்களும் உண்டு, பெயர் பொருத்தம் சரியாக இருந்தால் பாதி தாமதம் குறையும். செப்பு லைன் என்றால் கேட்வே, சர்வருக்கான கருவி, ஃபில்டர், ஒயர்கள் என்று ஒருமுறைச் செலவு, இரண்டு பெட்டிகள் நாள் முழுக்க இயங்கும் மின்சாரம். ஐபோன் என்றால் ஆப்புக்கும் ஒதுக்கி வையுங்கள். பேசும் கட்டணம் என்னவோ லேண்ட்லைன் திட்டத்தில் உள்ளதுதான், ஆப்பில் பேசுவதால் கூடவும் குறையவும் செய்யாது. வெளியிலிருந்து பேசும்போது மட்டும் மொபைல் டேட்டாவும் சேரும்.

பெட்டி வாங்கும்போது திருப்பி எடுத்துக்கொள்ளும் காலம் எவ்வளவு என்று பார்த்து, அந்த நாட்களுக்குள் 5, 7, 10 ஆகியவற்றில் சொன்ன மூன்று சோதனைகளையும் முடித்துவிடுங்கள். எல்லாம் சரியான பிறகு கேட்வேயின் அமைப்புகளை ஒரு கோப்பாகப் பதிவிறக்கி வையுங்கள். பாஸ்வேர்டுகளையும் ஐபி முகவரிகளையும் ஒரு தாளில் எழுதி பில் வைத்திருக்கும் அதே ஃபைலில் போட்டுவிடுங்கள். ரவுட்டரை நிறுவனம் மாற்றித் தரும் நாளில் இத்தனையும் மறுபடி போட வேண்டியிருக்கும், அன்று நீங்கள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம்.